கதிரை காத்த பாதுகாப்பு அமைச்சர்

இத்தாலியின் பலெர்மோவில் ஒரு தமிழனுக்கு என்னென்ன வரலாம் என்று நான் நினைத்து வைத்திருந்தேன். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ பிந்தலாம். குனிந்து படி கழுவி நாரி நோகலாம். பிள்ளைகள் எங்களோடு தமிழிலும் தங்களுக்குள் சிசிலியனிலும் சண்டை பிடிக்கலாம். பாதுகாப்பு அமைச்சர் பதவி வரும் என்று நான் நினைக்கவில்லை.

என் பெயர் கோபாலசிங்கம். நகருக்குள் ஒரு பழைய கட்டடத்தில் போர்த்தியரே வேலை, அதாவது வாசல்காவல். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து வருகிறவர்களைப் பார்ப்பேன், கடிதங்களைப் பிரித்து வைப்பேன், படிகளைக் கழுவுவேன். வாசலில் நான் வளர்த்த இரண்டு பூச்சாடிகள் இருந்தன. தண்ணீர்ச் செலவு என்று சொல்லி நிர்வாகம் அவற்றை எடுத்துவிட்டு, ஆள் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் செடியைக் கொண்டுவந்து வைத்தது. இப்போது அதைத் தூசு தட்டுகிறேன்.

முதலில் சிசிலித் தமிழர் மக்களவையைப் பற்றிச் சொல்லவேண்டும். அது தொடக்கத்தில் ஒரு விளையாட்டுக் கழகம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பதவிகள். ஆசைப்பட்டவர்கள் அதைவிட அதிகம் என்பதால் கழகம் வருடத்துக்கு ஒருமுறை உடைந்தது. ஊரில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்காக இருந்த அருளையா கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கழகத்தை அரசாங்கம் ஆக்குவது. கழகத்துக்கு ஒரு தலைவர்தான் இருக்கலாம், அரசாங்கத்துக்கு எத்தனை அமைச்சர்களும் இருக்கலாம். அன்றோடு சண்டை நின்றது. வான் வைத்திருந்தவர் போக்குவரத்து அமைச்சர் ஆனார். மனைவி நல்ல ரோல்ஸ் சுடுவாள் என்பதால் ஒருவர் உணவு அமைச்சர் ஆனார். மொண்டெல்லோக் கடற்கரையில் உணவகம் ஒன்றில் சமைக்கும் ஏர்னஸ்ற் அண்ணை பிரதமர் ஆனார். அருளையா சட்ட அமைச்சர்.

அந்தக் காலத்தில் பாதுகாப்பு அமைச்சு என்று ஒன்று இல்லை. படைக்கு மூன்று அமைச்சர்கள் இருந்தார்கள். விழாக்களில் கதிரை களவு போகாமல் பார்ப்பவர் தரைப்படை அமைச்சர். மொண்டெல்லோ ஒன்றுகூடலில் பிள்ளைகள் ஆழத்துக்குப் போகாமல் பார்ப்பவர் கடற்படை அமைச்சர். கூடாரத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் வான்படை அமைச்சர்.

ஒரு வைகாசி மாதம் மொண்டெல்லோவில் சிரொக்கோ காற்று அடித்தது. கூடாரம் கிளம்பியது. குளித்துக்கொண்டிருந்த இத்தாலியர்களின் தலைக்கு மேலால் பறந்து, மணலில் விழுந்து, உருண்டு, கடலுக்குள் இறங்கியது. மூன்று அமைச்சர்களும் கரையில் நின்று பார்த்தார்கள்.

"பறந்தது தானே? அது வான்படை," என்றார் தரைப்படை.

"விழுந்தது மணலிலை. மணல் ஆற்றை பொறுப்பு?" என்றார் வான்படை.

"இழுத்தெடுக்க என்னட்டை என்ன கப்பலே கிடக்கு?" என்றார் கடற்படை.

விவாதம் முடிவதற்குள் கூடாரம் உஸ்திக்காத் தீவுப் பக்கம் போய்விட்டது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மூன்று அமைச்சுகளையும் சேர்த்து ஒரே பாதுகாப்பு அமைச்சு ஆக்கவேண்டும் என்று குழு சொன்னது. அன்றைக்கு அருளையா ஆற்றிய உரையை இன்றைக்கும் பேசுவார்கள்.

"இத்தாலிக்காரரும் எங்களைப் போலைதான். போர் அமைச்சு, கடல் அமைச்சு, வான் அமைச்சு எண்டு மூண்டு வைச்சிருந்திட்டு நாப்பத்தேழாம் ஆண்டு ஒண்டாக்கினவை. ஆனால் அதுக்கு அவைக்கு ஒரு உலகப்போர் தேவைப்பட்டது. எங்களுக்கு ஒரு காத்துக் காணுமாயிருந்தது. இதிலையிருந்து எங்கடை முன்னேற்றத்தை நீங்கள் விளங்கிக்கொள்ளவேணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கூடாரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

புதிய அமைச்சுக்கு முதல் அமைச்சர் கிருபன். இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும் அவர் ஒரு சனிக்கிழமை லண்டனுக்குப் போய்விட்டார். மண்டபச் சாவியும் அவரோடு போய்விட்டது. மண்டபம் என்பது மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கோவில் பாதிரியார் எங்களுக்கு இரவல் தந்தது. பூட்டை மாற்றினோம். அடுத்தவர் தர்சன். அவர் போன இடம் பேர்மிங்காம், சாவி உட்பட. இரண்டாம் தரமும் பூட்டு மாற்றவேண்டி வந்தபோது பாதிரியார் கோபித்துக்கொண்டார். உடனே அருளையா யாப்பைத் திருத்தினார். இனி எந்தப் பாதுகாப்பு அமைச்சரும் நினைத்தவுடன் விலக முடியாது.

அதற்குப் பிறகு அந்தக் கதிரை இரண்டு வருடம் காலியாகக் கிடந்தது. பிறகு நான் பல்லரோச் சந்தைக்கு மீன் வாங்கப் போனேன்.

"கோபால், நீர் வாசல் காக்கிறனீர் தானே?" பின்னால் ஏர்னஸ்ற் அண்ணையின் குரல்.

"ஓம் அண்ணை."

"உம்மடை காலத்திலை கள்ளன் ஆரும் உள்ளட்டவனோ?"

"இல்லை அண்ணை."

"பாத்தீரே. இதைத்தான் அனுபவம் எண்டுறது."

என் ஒரு கையில் மீன்பை இருந்தது. அவர் மற்றக் கைக்குள் சாவியை வைத்து விரல்களை மூடிவிட்டுப் போய்விட்டார். அதுதான் பதவியேற்பு.

மூன்று வருடம் பெரிய கரைச்சல் இல்லை. கதிரைகளை விரித்தேன், மடித்தேன். கரைச்சல் எங்கள் விளையாட்டு விழாவன்று வந்தது. நான் வேலை முடிந்த கையோடு, போர்த்தியரேயின் நீலக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக மைதானத்துக்குப் போனேன். சாக்கோட்டத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வெயில் கண்ணில் அடித்தது. நெற்றியில் கையை வைத்து என் கதிரைகள் எங்கே என்று பார்த்தேன். தகவல் அமைச்சர் ஸ்ரான்லி அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டான். பின்னேரம் மக்களவையின் பேஸ்புக்கில் நான் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றேன். கீழே, 'பாதுகாப்பு அமைச்சர் படையணியைப் பார்வையிடுகிறார்.'

என் மகள் சாம்பவிக்கு யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை நிதுசன் அங்கே அரசாங்க உத்தியோகம். ஆனியில் முகூர்த்தம். மனைவி, மகள், நான் என்று மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. எனக்குப் பதினாறு வருடத்துக்குப் பிறகு முதல் பயணம். தாரை வார்த்துக் கொடுக்கும்போது கை நடுங்கக்கூடாது என்று நான் வீட்டில் செம்பை வைத்துப் பழகிக்கூடப் பார்த்தேன்.

படம் வந்து இரண்டாம் நாள் சம்மந்தி போன் எடுத்தார்.

"சம்மந்தி, குறை நினையாதையுங்கோ. படையோடையோ வாறியள்?"

"என்ன படை?"

"உங்களுக்குப் பின்னாலை நிக்குது."

"ஐயோ, அது சாக்கோட்டம் ஓட வந்த பிள்ளையள். காலிலை சாக்கு இருக்குப் பாருங்கோ."

"சாக்குக்குள்ளை என்ன கிடக்கெண்டு பாக்கிறவைக்குத் தெரியுமே?"

அவர் மெதுவாகத்தான் பேசினார், ஆனால் உறுதியாகப் பேசினார்.

"உங்களை நான் நம்புறன். கட்டுநாயக்கா எயாப்போட்டிலை நிக்கிறவன் நம்பவேணுமே. அவன் உங்களை ஒரு கேள்வி கேட்டாலே நிதுசன்ரை வேலைக்குக் கரைச்சல். அந்தப் பதவியிலை நீங்கள் இல்லை எண்டு அதே பேஸ்புக்கிலை மக்களவையே போடோணும். போட்டால் வாங்கோ. போடாட்டி பிள்ளையையும் தாயையும் அனுப்புங்கோ. தாரை வார்க்க வேறை ஆரையும் பிடிப்பம்."

பக்கத்தில் நின்ற சாம்பவிக்கு இது பெரிய விசயமாகத் தெரியவில்லை. இத்தாலியப் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடுவதுபோல அவள் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். "பாப்பா, திமிஸ்ஸியோனிக் கடிதம் குடுத்து விலகுங்கோவன். மொண்டெல்லோ பார் வேலையை நான் வாட்ஸ்அப்பிலை விட்டனான். ஒரு நிமிசம்."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அமைச்சரவைக்குப் போனேன்.

"அண்ணை, நான் விலகிறன்," என்றேன்.

ஏர்னஸ்ற் அண்ணை எழும்பி நின்றார். அவர் இருந்துகொண்டு உரையாற்றுவதில்லை.

"அன்பான உறவுகளே! நாடு இல்லாத ஒரு அரசாங்கத்துக்கு, படை இல்லாத ஒரு அமைச்சை, சம்பளம் இல்லாமல் காத்துவாற ஒரு மனிசன் விலகப் பாக்கிறார். அவர் விலகினால் எங்களிட்டை என்ன மிஞ்சும்? யோசிச்சுப் பாருங்கோ."

எல்லோரும் யோசித்தார்கள். அருளையா யாப்பை விரித்தார்.

"விலகலாம். ஆனால் எந்த அமைச்சர் விலகிறதெண்டாலும் பாதுகாப்பு அமைச்சின்ரை தடையில்லாச் சான்று வேணும்."

"நான் தானே பாதுகாப்பு அமைச்சர். தந்தாச்சு."

"தன்ரை விசயத்திலை தானே சான்று குடுக்கேலாது. இயற்கை நீதி."

"அப்ப ஆர் குடுக்கிறது?"

"பிரதிப் பாதுகாப்பு அமைச்சர்."

"அவர் ஆர்?"

"நீர்தான் ஒராளைச் சிபார்சு செய்யவேணும்."

நான் சுற்றிவரப் பார்த்தேன். பதினாறு அமைச்சர்களும் குனிந்து போனைப் பார்த்தார்கள்.

"ஸ்ரான்லி, அந்தப் படத்தையாவது எடுத்துவிடன் தம்பி."

"வரலாற்று ஆவணம் அண்ணை. கனடாவிலை இருந்தெல்லாம் லைக் வந்திருக்கு. அழிக்கிறதெண்டால் பாதுகாப்பு அனுமதி வேணும்."

யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை.

அன்றிரவு என் சொந்தப் பேஸ்புக்கில், 'நான் பாதுகாப்பு அமைச்சர் இல்லை. நான் ஒரு வாசல்காவலாள். கோபாலசிங்கம்' என்று எழுதிப் போட்டேன். காலையில் மக்களவையின் அறிக்கை வந்திருந்தது. பாதுகாப்பு அமைச்சரின் கணக்கை எதிரிகள் ஊடுருவி அவரைக் கேவலப்படுத்தும் விதமாக எழுதியிருக்கிறார்களாம். கூடவே அந்தப் படம், முந்தியதைவிடப் பெரிதாக. நோர்வேயில் யாரோ முகம் தெரியாத ஒருவர், 'உறுதியாக நில்லுங்கள் அமைச்சரே' என்று எழுதியிருந்தார்.

அம்பிகை என் மனைவி. காலையில் ஒரு வீட்டிலும் பின்னேரம் இன்னொரு வீட்டிலும் வேலை செய்துவிட்டு வந்து கால் நீட்டி இருக்கிற நேரத்தில்தான் அவள் அரசியல் பேசுவாள்.

"இஞ்சேரப்பா, நீங்கள் ஒழுங்கா வேலை செய்தால் ஏன் விடப்போகினம்? பிழை விடுங்கோ."

அது எனக்குச் சரியாகப் பட்டது. அடுத்த சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழா முடிந்ததும் கதிரைகளை உள்ளே எடுக்காமல் பல்லரோப் பக்கத்துச் சந்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். விடியப் போனபோது சந்து வெறுமையாகக் கிடந்தது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது.

பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். மூலைக்கடை பங்களாதேஷ்காரர். மழை வரும்போல இருந்தது என்று அவர் எல்லாக் கதிரைகளையும் தன் கடைக்குள் எடுத்து அடுக்கி வைத்திருந்தார். அழுக்காயிருந்த ஒன்றிரண்டைத் துடைத்தும் வைத்திருந்தார். நான் அவருக்கு நன்றி சொல்லிக் கை கொடுத்தபோது, பாண் வாங்க வந்த ஸ்ரான்லி கண்டுவிட்டான். பத்து நிமிடத்தில் பேஸ்புக்கில் வந்தது. 'அண்டை நாட்டுடன் பாதுகாப்பு உடன்படிக்கை.'

சம்மந்தி போன் எடுத்தார். "இப்ப வங்காளதேசமும் சேந்திட்டுதோ?" என்று மட்டும் கேட்டார்.

பயணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. நான் அருளையா வேலை செய்யும் துணிக்கடைக்குப் போனேன். அவர் ஒரு சட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. ஒரு பாதுகாப்பு அமைச்சரை இவை எப்ப நீக்குவினம்?"

அவர் மடிப்பை நிறுத்தவில்லை. "அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சதி செய்தால். அது ஒண்டுக்குத்தான் உடனடி நீக்கம். பேஸ்புக்கிலை அறிவிச்சு நீக்கலாம்."

எனக்கு அந்தக் கடைசி வசனம் தேனாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அமைச்சரவை கூடியது. எல்லோரும் வந்து, நான் விரித்த கதிரைகளில் இருந்த பிறகு, கதவை உள்ளாலே பூட்டினேன். சாவியை நீலக் கோட்டுப் பையில் போட்டேன். அன்றைக்குக் கோட்டை வேண்டுமென்றே போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

"என்ன கோபால், குளிருதோ?" என்றார் ஏர்னஸ்ற் அண்ணை.

"இல்லை அண்ணை. இது ஆட்சிக் கவிழ்ப்பு."

உணவு அமைச்சர் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

"நான் சதிகாரன்," என்றேன். "என்னைத் துரோகி எண்டு சொல்லி நீக்குங்கோ. இப்பவே. ஸ்ரான்லி, எழுது."

எல்லோரும் அருளையாவைப் பார்த்தார்கள். அவர் யாப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"சதி செய்ய முயற்சி செய்தால் துரோகம்," என்றார். "செய்து முடிச்சால் துரோகம் இல்லை. அரசாங்கம்."

"நான் இன்னும் முடிக்கேல்லை அண்ணை!"

"கதவு பூட்டியிருக்கோ?"

"ஓம்."

"சாவி ஆரிட்டை?"

"என்னட்டை. ஆனால் என்னட்டைப் படை இல்லையே!"

"எதிர்க்கிறதுக்கு எங்களிட்டையும் இல்லை. அப்ப கவிண்டிட்டுது."

ஏர்னஸ்ற் அண்ணை மெதுவாகத் தன் சட்டையில் குத்தியிருந்த 'பிரதமர்' அட்டையைக் கழற்றினார். கழற்றும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"தேவனுக்குத் தோத்திரம்," என்றார் அவர். "எட்டு வருசமா ஊரிலை மடு மாதா திருவிழாவுக்குப் போகேலாமல் கிடக்கிறன் கோபால். பாஸ்போட்டிலை பிரதமர் எண்டு இல்லை. பேஸ்புக்கிலை கிடக்கே! என்னைக் கவிழ்க்க ஒருத்தன் வரமாட்டானோ எண்டு ஒவ்வொரு செபமாலையிலும் கேட்டனான்."

"நீங்கள் விலகியிருக்கலாமே அண்ணை?"

"பாதுகாப்பு அமைச்சின்ரை சான்று வேணுமே. நீர் இருக்கிற ஒழுங்குக்குத் தந்திருப்பீரே?"

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். போக்குவரத்து அமைச்சரின் தகப்பனுக்கு ஊரில் கண் ஒப்பரேசன். கல்வி அமைச்சருக்குக் காணி விசயமாக வவுனியா போகவேண்டும். எல்லோரிடமும் ஒரு பயணம் இருந்தது. எல்லோரும் மற்றவர்களுக்குப் பயந்து அமைச்சர்களாக இருந்திருக்கிறார்கள்.

"படம் எடுப்பம்," என்றான் ஸ்ரான்லி. "கவிழ்க்கப்பட்டவை எல்லாரும் இந்தப் பக்கம். அண்ணை, சிரியாதையுங்கோ. கவிழ்க்கப்பட்டிருக்கிறியள்."

அவர்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் எல்லோரையும் தரையைப் பார்க்கச் சொல்லி எடுத்தான். பிறகு என்னைத் தனியாக, கதவோடு எடுத்தான். பிறகு பேஸ்புக் பக்கத்தின் கடவுச்சொல்லை என் போனில் பதிந்து தந்துவிட்டு, "தகவல் அமைச்சும் கவிண்டிட்டுது, இனி நான் போட்டால் சட்டவிரோதம்," என்றான்.

நான் கதவைத் திறந்துவிட்டேன். போகும்போது ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அருளையா கடைசியாகப் போனார்.

"அண்ணை, நான் எப்பிடி இதிலையிருந்து இறங்கிறது?"

"அதே வழிதான் தம்பி. உம்மை ஆரும் கவிழ்க்கவேணும்," என்று சொல்லிவிட்டு யாப்பை என் கதிரையில் வைத்துவிட்டுப் போனார்.

கதிரைகளை மடித்து வைத்தேன். பிறகு அங்கேயே நின்று மக்களவையின் பேஸ்புக் பக்கத்தில், 'மக்களவை இத்துடன் கலைக்கப்படுகிறது' என்று எழுதிப் போட்டேன். அதோடு முடியும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கீழே கருத்துகள் வரிசையாக நின்றன. மக்களவையைக் கலைத்த சர்வாதிகாரி. பலெர்மோவில் இராணுவ ஆட்சி. நோர்வேக்காரர் மட்டும், 'இதைத்தான் எதிர்பார்த்தோம்' என்று எழுதியிருந்தார்.

சம்மந்தி இந்த முறை போன் எடுக்கவில்லை. நிதுசன் எடுத்து, "மாமா, நீங்கள் வரவேண்டாம்," என்றான். பாவம், அவனுக்கும் அழுகை வந்திருக்கவேண்டும். சாம்பவி போனைப் பறித்து அவனோடு இத்தாலியனில் சண்டை பிடித்தாள். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

தாயும் மகளும் போனார்கள். என்னுடைய டிக்கெட்டுக்கு இருக்கை இருந்தது, ஆள் இல்லை. தாரை வார்ப்பது அம்பிகையின் தமையன் என்று முடிவாயிற்று.

கலியாணத்தன்று இங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. நான் படிகளைக் கழுவிவிட்டு, கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் போனைச் செடியின் தொட்டியில் சாத்தி வைத்தேன். அம்பிகை வீடியோ அழைப்பில் எடுத்திருந்தாள். என் படம் தெரியலாம், சத்தம் வரக்கூடாது என்று சம்மந்தி சொல்லியிருந்தார். அதனால் என் பக்கம் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். கூறைச்சேலையில் சாம்பவி வந்தாள். போனை ஒருதரம் பார்த்தாள். "பாப்பா," என்று வாய் அசைந்தது. நானும் ஏதோ சொன்னேன். அங்கே கேட்காது.

ஐயர் மைத்துனரின் கையில் செம்பைக் கொடுத்தார். நான் படி கழுவ வைத்திருந்த போத்தலை எடுத்தேன். அதில் கொஞ்சம் நல்ல தண்ணீர் இருந்தது. அங்கே அவர் சரித்தபோது நானும் செடியின் தொட்டிக்குள் சரித்தேன். மேளம் கொட்டியது. என் கை நடுங்கவில்லை.

லிஃப்ற் கதவு திறந்தது. மூன்றாம் மாடிச் சிஞ்ஞோரா, அந்த வீட்டு இத்தாலிய அம்மா, நாயோடு வந்தார். அவர் வீட்டில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் மாக்கிரட், நான் ஜனாதிபதியான கதையெல்லாம் அவருக்குச் சொல்லிவிட்டிருந்தாள். சிஞ்ஞோரா நின்று, என் கையையும் தொட்டியையும் பார்த்தார்.

"பிரெசிதெந்தே," என்றார் இரக்கமாக, "அது பிளாஸ்டிக் செடி."

தெரியும் என்றேன். போத்தலில் இருந்த மிச்சத்தையும் ஊற்றினேன்.